முதல் கடைக்குப் பெயர் வைப்பது

(ஆஸ்டின் டவுனில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியது)

பருப்புப் பொடி, வத்தக்குழம்புப் பொடி, வடாம் என்று வீட்டில் செய்வதை இன்டர்நெட்டில் கடை போட்டு விற்கலாமா என்று நம் உறுப்பினர்கள் பலர் யோசிக்கிறார்கள். "கைமணம் இருக்கிறது, பிராண்டுக்கு என்ன செய்வது?" என்பதுதான் கேள்வி. அமெரிக்கக் கதை எதற்கு? இதே பெங்களூரில் நடந்த கதை ஒன்று இருக்கிறது.

1999-இல் கே. வைத்தீஸ்வரன், வி.எஸ். சுதாகர், ஹரி மேனன் உள்ளிட்ட ஆறு பேர் சேர்ந்து 'ஃபேப்மார்ட்' என்ற இணையக் கடையைத் தொடங்கினார்கள். நம் தேசத்தின் ஆரம்பகால இணையக் கடைகளில் ஒன்று. டெலிபோன் லைனில் மோடம் கீச்சிட்டு இணைப்புக் கிடைத்த காலம். கிரெடிட் கார்டு வைத்திருந்தவர்களும் சொற்பம். முதலில் பாட்டு கேசட்டும் சி.டி.யும் விற்றார்கள். கெட்டிக்காரத்தனம் என்பேன். கேசட் எந்தக் கடையில் வாங்கினாலும் அதே கேசட்தான். சொன்னபடி வந்து சேருமா என்பது மட்டுமே கவலை. பருப்பும் புளியும் அப்படியல்ல. அந்த நம்பிக்கை வந்த பிறகுதான் மளிகைக்குப் போனார்கள்.

அடுத்து 'ஃபேப்மால்' என்ற பெயரில் தெருக்களில் மளிகைக் கடைகள் வந்தன. 2006-07-இல் அவை திரிநேத்ரா கடைகளோடு சேர்ந்து ஆதித்ய பிர்லா குழுமத்தின் கைக்குப் போயின. பலகையில் 'மோர்' என்று எழுதினார்கள். நம்மவர்களுக்கு மோர் என்றால் கடைசியில் சாதத்தில் விட்டுக்கொள்வது! இணையக் கடையை வைத்தீஸ்வரன் தொடர்ந்து நடத்தினார். அதன் பெயர் 'இந்தியாப்ளாஸா' ஆயிற்று. பெரும் முதலீட்டோடு வந்தவர்கள் தள்ளுபடியை அள்ளி வீச, பணம் கிடைக்காமல் 2013-இல் அது மூடப்பட்டது. 2017-இல் அவர் எழுதிய ஆங்கிலப் புத்தகத்தில் இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

மூடியதற்குப் பெயர் மாற்றம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, பணம்தான் காரணம். ஆனாலும் ஒரு பெயர் சம்பாதித்த நம்பிக்கை அடுத்த பெயருக்கு முழுசாகப் போய்ச் சேருவதில்லை. சுதாகர், ஹரி மேனன் முதலானோர் 2011-இல் 'பிக்பாஸ்கெட்' ஆரம்பித்தபோது புதுப் பெயரை மறுபடி முதலிலிருந்து ஜனங்களுக்குப் பழக்க வேண்டியிருந்தது. அதைப் பிறகு மாற்றவில்லை. 2021-இல் டாடா குழுமம் பெரும்பான்மைப் பங்கை வாங்கிய பிறகும் அதே பெயர்தான்.

நம் மாமிகளின் கடைக்கு வருவோம். 'சுத்தமான பருப்புப் பொடி' என்பது பெயரல்ல, வர்ணனை. சரக்கைச் சொல்லும் வார்த்தைகளை மட்டும் வைத்துக்கொண்டு வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்வது கடினம். 'மாமி', 'ஐயர்' என்று வைத்தால் தெருவுக்கு நாலு பேர் வைத்திருப்பார்கள். உங்கள் பூர்வீக கிராமமோ பாட்டியின் செல்லப் பெயரோ நாலு பேருக்கு நினைவிருக்கும்.

பெரிய இணைய அங்காடிகள் வழியாக விற்றால் ஆர்டர் வரும். ஆனால் வாங்கியவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது, அவர் அங்காடியின் வாடிக்கையாளர். உங்கள் பெயர் அவரிடம் போகும் ஒரே இடம் பாக்கெட்தான். அதில் பெயர், வறுத்த தேதி, உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாம் இருக்க வேண்டும். கண்ணளவு நம் வீட்டுக்குச் சரி. செகந்திராபாத்தில் ஒருத்தி இரண்டாம் தடவை வாங்கும்போது பெருங்காயம் தூக்கலாக இருந்தால் மூன்றாம் தடவை வாங்க மாட்டாள். துவரம்பருப்பு, மிளகாய், பெருங்காயம் எல்லாவற்றையும் தராசில் நிறுத்து நோட்டில் எழுதுங்கள்.

இணைய முகவரியை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த மருமான் தன் பெயரில் வாங்கி வைப்பான். அவன் சான் ஹோசே போய், புதுப்பிக்க மறந்துவிட்டால் வேறொருவர் எடுத்துக்கொள்வார். வர்த்தகச் சின்னப் பதிவு 10 வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பொடிக்கு 30-ஆம் வகுப்பு, ஊறுகாய்க்கு 29. கர்நாடக விண்ணப்பங்கள் சென்னைப் பதிவகத்தின் கீழ் வரும், ஆனால் இணையத்திலேயே போடலாம். லேபிள் அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்னால், அதே பெயர் யாரிடமாவது இருக்கிறதா என்று அந்தப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். தேடுவதற்குக் கட்டணம் கிடையாது.