மறைத்து வைக்கும் மாத்திரை

நம் சுரண்டையில், விழாமேடையில், எச்.ஐ.வி. பற்றிய பேச்சா எனச் சிலர் முகம் சுளிக்கலாம். நான் முதுமையைப் பற்றித்தான் பேச வந்தேன்.

1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் இக்கிருமியை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறிந்தபோது, அதற்கு மருந்தில்லை. 2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டுமருந்து விலையின்றிக் கிடைக்கலாயிற்று. அன்று நாற்பது வயதினராய் மருந்துண்ணத் தொடங்கியோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். மூட்டுவலி, சர்க்கரை, மறதி எல்லாம் நம்மைப் போலவே அவர்களுக்கும் உண்டு.

இடர் அம்மறதியில்தான். மாத்திரையை ஒருநாளும் தவறவிடலாகாது. நினைவூட்ட ஒருவர் வேண்டும். அவருக்கு நோய் தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் தட்டும் தம்ளரும் தனியாகிவிடுமே என அஞ்சி, அருகிலுள்ள மருத்துவமனையை விட்டுத் தொலைவூருக்குப் பேருந்தேறுவோர் உண்டு. எழுபது வயதில் அது எளிதா?

தொடுதலாலும் உடனுண்பதாலும் இக்கிருமி பரவாது. புண்ணுக்கு மருந்திடுகையில் கையுறை போதும். அது எந்நோயாளிக்கும் உரிய முறையே. ஒப்புதலின்றி ஒருவர் நோயை வெளியிடுதலையும், சிகிச்சையில் வேறுபாடு காட்டுதலையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் சட்டம் அடுக்களை வரை வருமா?

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் உவர்ப்பின்மையும் ஒன்று. துறவியர் உடலளவில் அதனைச் சுருக்கிக்கொண்டோமோ என ஐயுறுகிறேன். முதியோர் இல்லம் நடத்தும் அன்பர்கள் இந்நோயைக் காரணங்காட்டிக் கதவடைக்க வேண்டா. இல்லங்களில் அம்முதியவர் நம்பும் ஒருவர் மாத்திரைப் பொறுப்பை ஏற்கட்டும். இரவுணவு கொள்ளாதோர், மருத்துவரைக் கேட்டுப் பகலிலேயே நேரம் குறித்துக்கொள்ளலாம்.