ஊதாங்குழல்



நூலக வார விழாவில் நெஞ்சுநோய் டாக்டருக்கு என்ன வேலை என்று, புறப்படும்போது வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். நவம்பர் மூன்றாவது புதன்கிழமை உலக சி.ஓ.பி.டி. நாள். நம் நூலக வாரமும் அதையொட்டியே வருகிறது. அந்த நோய்க்கு ‘நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்’ என்று தமிழில் பெயர் வைத்திருக்கிறோம். என்னிடம் வருகிறவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இளைப்பு என்பார்கள், இழுப்பு என்பார்கள். ‘நாலு எட்டு வைக்க முடியலய்யா’ என்பார்கள். என் பாடப்புத்தகம் அரைப் பக்கத்தில் சொல்வது அதுதான்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஓர் ஆத்தா வந்தார். அறுபதைத் தாண்டியவர், இட்லிக்கடை நடத்தியவர். படியேறி வந்த மூச்சு அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. அதுவரை என் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். நான் வழக்கம்போல, ‘பீடி, சுருட்டு பழக்கம் உண்டா?’ என்றேன். முறைத்தார் பாருங்கள்! ‘எம் புருசனே குடிச்சதில்ல’ என்றார். அப்புறம்தான் கேட்க வேண்டிய கேள்வி வாயில் வந்தது. ‘கடையில என்ன அடுப்பு ஆத்தா?’

விறகு அடுப்பு. சீமைக்கருவேலம். ஓலைக் கொட்டகை, சன்னல் கிடையாது. விடியற்காலை நாலு மணிக்கு ஊதாங்குழலைக் கையில் எடுத்தால் பத்து மணிக்குத்தான் கீழே வைப்பார். இப்படி முப்பது வருஷம். புகையிலையைத் தொடாமலே நுரையீரல் கெட்டுப்போக இது போதும். காஸ் வந்துவிட்டதே என்பீர்கள். காபிக்குக் காஸ். வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் கொல்லையில் பழைய அடுப்பு இன்னும் எரிகிறது.

ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொன்னேன். ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் 1846-இல் உலகுக்குச் சொன்ன கருவியின் வாரிசு அது. நிறைய இழுத்து ஒரே மூச்சாக ஊத வேண்டும். நல்ல நுரையீரல் முதல் விநாடியிலேயே ஏறக்குறைய முக்கால் பங்கு காற்றைத் தள்ளிவிடும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் 70 சதவீதத்துக்குக் கீழே நின்றால் அடைப்பு. ஆத்தாவுக்குப் பாதிகூட வரவில்லை.

‘மூச்சு உள்ள போகமாட்டேங்குது’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சிக்கல் வெளியே வருவதில். டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் இறங்கினால்தானே நாம் ஏற முடியும்? குழாய்கள் சுருங்கி, காற்றறைகள் தொய்ந்து, பழைய காற்று இறங்காமல் உள்ளேயே நிற்கிறது.

மருந்து எழுதினேன். மாத்திரையைக் கருவியில் போட்டு, சுழற்றி, அதிலிருக்கும் தூளை உறிஞ்ச வேண்டும். அடுத்த மாதம் வந்தார், மாற்றமில்லை. மருந்தைக் கூட்டினேன். அதற்கடுத்த மாதமும் கூட்டினேன். மூன்றாம் முறை நர்ஸம்மாதான், ‘எப்படிப் போடுறீங்கன்னு காட்டுங்க ஆத்தா’ என்றார். ஆத்தா ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

ஆமாம், விழுங்கிக்கொண்டிருந்தார். கருவி சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்ததாம். சிரிக்கிறீர்கள், அன்றைக்கு நானும் சிரித்தேன். ஆனால் அவர் மூன்று மாதம் திண்டாடியது என்னால். சீட்டில் எழுதத் தெரிந்த எனக்கு, ஒருமுறை போட்டுக் காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

மருந்தை வாயில் அடித்து உறிஞ்சும் பம்பு என்றாலே பலருக்குப் பயம். ‘பழகிடும், மாத்திரையே குடுங்க’ என்பார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து. பம்பில் ஓர் அடிக்கு 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிக் கையை நடுங்க வைத்துவிட்டுத்தான் நெஞ்சுக்கு வரும். பம்பு நேரே போகிறது. இதில் எதைக் கண்டு பயப்பட வேண்டும், சொல்லுங்கள்.

மூச்சை விடும் முறையை ஆத்தாவுக்குச் சொல்லித்தர எனக்குச் சிரமமே இல்லை. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, மெல்ல விட வேண்டும் என்றேன். ‘ஊதாங்குழல்ல ஊதுற மாதிரிதானே தம்பி?’ என்றார். ‘அதேதான். ஆனா நெருப்பு பத்தக்கூடாது, அவ்வளவு மெதுவா.’

‘இது சரியாயிருமா?’ என்று கேட்டார். போனது திரும்பாது ஆத்தா, இருப்பதைக் காப்பாத்தலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘ஆடிக்கு மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகணும்’ என்றார். போனார். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாராம்.

அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கூட்டம் முடிந்ததும் டீ கொடுக்கிற மேசைப் பக்கம் நிற்பேன். பைக்குள்ளும் முந்தானையிலும் பம்பை மறைத்து வைத்திருப்பவர்கள் வாருங்கள், என் முன்னால் ஒருமுறை அடித்துக் காட்டுங்கள். தண்ணீர் டம்ளர் மட்டும் வேண்டாம்.