எரு கேட்கும் மண், எரு வேண்டாத மண்

மியூனிக்குக்கு வடக்கே இருக்கும் கார்ஹிங்கில் மேல்மண் கொஞ்சம்தான். கீழே முழுக்கக் கூழாங்கல். ஊற்றிய தண்ணீர் நிற்காது. இந்த மண்ணுக்கு மக்கிய தொழுவுரம்தான் மருந்து. பச்சைச் சாணத்தை அப்படியே போட்டால் வேர் கருகும், களையும் முளைக்கும். 6 மாதமாவது குவித்து வையுங்கள். கறுத்து, கையில் பொலபொலவென்று உதிர்ந்து, நாற்றம் போய் மண்வாசனை வந்தால் அதுதான் பதம்.

வேடிக்கை என்னவென்றால், பக்கத்திலேயே கார்ஹிங் புல்வெளி இருக்கிறது. 1908-இல் பவேரியத் தாவரவியல் கழகம் விலைக்கு வாங்கிக் காப்பாற்றிய இடம். சத்தில்லாத மண் என்பதால்தான் அங்கே அபூர்வப் பூக்கள்! எரு விழுந்தால் புல் மண்டிப் பூவை அமுக்கிவிடும். அதனால் எருக்கூடை உங்கள் தக்காளிப் பாத்தியோடு நிற்கட்டும்.