நடுநாயகமில்லாத கணனி வலை

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த பையன் இந்த மேடையில் எதைப் பேசப்போகிறான் என்று சிலர் எண்ணக்கூடும். கணக்குக்குச் சமயம் கிடையாது. ஆகவே, பல்கலைக்கழகத்தில் நான் பயிலும் கணனிக் கணக்கு ஒன்றையே பேசத் துணிந்தேன். அதற்கும் நம் திரியாய்க்கும் உள்ள தொடர்பை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

1985ஆம் ஆண்டில் எம்மூர்ச் சனங்கள் ஊரை விட்டு வெளியேற நேர்ந்த கதையை என் அம்மம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். யார் எங்கே போனார்கள் என்று எழுதிய பட்டியல் எவரிடமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேறு மூன்று நான்கு குடும்பங்களின் இருப்பிடம் தெரிந்திருந்தது. “அவை இருக்கிற இடம் எனக்குத் தெரியாது, தெரிஞ்ச ஆளை எனக்குத் தெரியும்” என்று ஒருவர் காட்ட, அவர் இன்னொருவரைக் காட்ட, இப்படியே என் அம்மம்மா தம் தமக்கையைக் கண்டுபிடித்தாராம். பெரியோர்களே, இன்றைய கணனி அறிஞர்கள் ஆராய்வதும் இதே வினாவைத்தான். நடுவில் ஒரு தலைவரோ பதிவேடோ இல்லாமல், ஆயிரமாயிரம் பேர் ஒருவரையொருவர் கண்டுகொள்வது எங்ஙனம்?

1999ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நாப்ஸ்ரர் என்னும் சேவை தோன்றியது. பாட்டுகள் பாவனையாளரின் கணனிகளிலேயே இருந்தன. எந்தப் பாட்டு எவரிடம் என்னும் அட்டவணை மட்டும் நடுநிலையத்தில் இருந்தது. பதிப்புரிமை வழக்கின் விளைவாக 2001 ஜூலையில் அந்த நடுநிலையம் நின்றது. அதனோடு வலை முழுதும் நின்றது. 2000ஆம் ஆண்டில் வந்த நுட்டெல்லாவோ அட்டவணையே வைக்கவில்லை. தேடுபவர் அயலவர் எல்லாரையும் கேட்க, அவர்கள் தம் அயலவர் எல்லாரையும் கேட்பார்கள். ஆட்கள் பெருகப் பெருக வலை இரைச்சலால் நிறைந்தது.

இவ்விரண்டுக்கும் நடுவழி ஒன்றை 2001 ஓகஸ்ற் மாதம் சான் டியேகோ நகரில் நடந்த மாநாட்டில் அறிஞர் ஐவர் வெளியிட்டனர். அதன் பெயர் கோர்ட். ஐவருள் ஒருவரான ஹரி பாலகிருஷ்ணன் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1993இல் பட்டம் பெற்றவர். அதே மாநாட்டில், பூனே பல்கலைக்கழகத்தில் பயின்ற சில்வியா ரத்னசாமியும் அவர்தம் சகாக்களும் வேறொரு வழியைக் காட்டினர்.

கோர்ட் முறையை இம் மண்டபத்திலேயே விளக்கலாம். பதினாறு பேர் வட்டமாக அமர்ந்திருப்பதாக எண்ணுங்கள். எனக்குத் தெரிந்தோர் நால்வரே: என்னிலிருந்து 1ஆம், 2ஆம், 4ஆம், 8ஆம் இடங்களில் இருப்போர். 13ஆம் இடத்திலிருப்பவரை நான் தேடுகிறேன். முதலில் 8 இடம் தாண்டியவரைக் கேட்பேன். அவர் தம்மிலிருந்து 4 இடம் தாண்டியவரைக் காட்டுவார். அவர் தமக்கு அடுத்தவரைக் காட்டுவார். மூன்றே தாவலில் ஆள் கிடைத்துவிட்டார்! ஒவ்வொரு தாவலும் மீதித் தூரத்தைப் பாதிக்கு மேல் குறைக்காமற் போவதில்லை. வலை இருமடங்கானால் கூடுவது ஒரு தாவலே. 16,384 கணனிகள் இருந்தாலும் ஏறக்குறைய 14 தாவலுக்குள் காரியம் முடியும். சராசரி 7 தாவலே.

இது கடதாசிக் கணக்கு. பதினாறாயிரம் கணனிகளை எங்கே போய்ச் சேர்ப்பது? கூத்து அரங்கேறுமுன் ஒத்திகை பார்ப்பதில்லையா? அதுபோல ஒரே கணனிக்குள் ஆயிரமாயிரம் கற்பனைக் கணனிகளைப் படைத்து, அவற்றுக்குள் செய்திகளை அனுப்பிப் பார்த்தார்கள். கோர்ட் ஒத்திகையில் சராசரி ஏறத்தாழக் கணக்குப்படியே வந்தது. சில்வியா ரத்னசாமி குழுவினரின் ஒத்திகையோ 260,000க்கும் மேற்பட்ட கணனிகளைக் கண்டது.

என் நெஞ்சைத் தொட்டது இன்னொரு ஒத்திகை. 10,000 கற்பனைக் கணனிகளில் ஒரு பங்கைத் திடீரென அழித்துவிட்டுத் தேடினார்கள். எந்தப் பங்கு அழிந்ததோ, ஏறக்குறைய அந்தப் பங்குத் தகவல் மாத்திரமே கிடைக்கவில்லை. போனவர்களிடம் இருந்தது போயிற்று. எஞ்சியவர்களிடம் இருந்தது கிடைத்தது. காரணம், ஒவ்வொரு கணனியும் தனக்கு அடுத்தவரை மட்டுமன்றி, அவருக்கும் அடுத்த பலரை நினைவில் வைத்திருந்தமையே.

ஆயினும் ஒத்திகையே முடிந்த முடிபன்று. 2012ஆம் ஆண்டில் பமீலா சேவ் என்னும் அம்மையார் கோர்ட்டின் சிறு மாதிரி ஒன்றை அமைத்தார். சில கணனிகளே கொண்ட வலையில் நிகழக்கூடிய வரவு, போக்கு, அழிவு யாவற்றையும் ஒன்றும் விடாமற் பரிசோதித்தார். அதுவரை வெளியான எந்த வடிவமும் முற்றும் சரியன்று என்றும், சில தருணங்களில் வட்டம் மீளமாட்டாமல் உடையும் என்றும் கண்டார். பின்னர் 2017இல் திருத்திய வடிவத்தைத் தக்க நிரூபணத்தோடு வெளியிட்டார். பெரிய ஒத்திகையில் தப்பிய பிழை சிறிய மாதிரியில் அகப்பட்டது! நாம் நினைத்துப் பார்த்ததையே ஒத்திகை காட்டும். நினையாததையும் தேடிப் பார்ப்பது மாதிரியின் வேலை. இரண்டும் வேண்டும்.

அன்பர்களே, இதை ஏன் இங்கே சொல்கிறேன்? இடப்பெயர்வில் காணி உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் இழந்து, கந்தோர் கந்தோராய் அலைந்தவர்கள் இச்சபையிலும் இருக்கிறீர்கள். 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கியபோதும் இக்கரையோரம் அதே பாடத்தைப் படித்தது. ஒரே பெட்டகத்தில் வைத்தது பெட்டகத்தோடு போகும். நம் மன்றத்து அங்கத்தவர் பதிவேடும் இன்று ஒரே கொப்பியாக ஒரே வீட்டில் இருக்கிறது.

ஆகவே வாலிபர்களை ஒன்று வேண்டுகிறேன். ஒவ்வொருவரும் அயலிலுள்ள இருவரின், திருகோணமலைப் பட்டினத்திலுள்ள ஒருவரின், தூரதேசத்திலுள்ள ஒருவரின் தொலைபேசி எண்களைக் கையெழுத்தில் எழுதி வையுங்கள். வீட்டுப் பத்திரங்களைப் படம்பிடித்து, கடவுச்சொல்லாற் பூட்டி, நம்பிக்கையான மூன்று வீடுகளில் பிரதி வையுங்கள். பின்பு ஒருநாள் ஒத்திகை பார்ப்போம்: கொப்பி இல்லை, செயலாளர் ஊரில் இல்லை என்று வைத்துக்கொண்டு, எல்லா அங்கத்தவரையும் ஒரு மாலைக்குள் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்ப்போம். எவர் விடுபட்டாரோ, அவரை அடுத்தமுறை இருவர் நினைவில் வைப்போம்.

பட்டியல் இல்லாத காலத்தில் என் அம்மம்மா தமக்கையைக் கண்டுபிடித்தது அதிர்ஷ்டத்தாலும்தான். நம் பிள்ளைகளை அதிர்ஷ்டத்திடம் ஒப்படைக்க வேண்டியதில்லை.