கணக்கைக் காட்டுங்கள்!



இந்தத் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் குடிகொண்ட ஊர். புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்கள் தங்களைப் ‘பிரகதாம்பாள் தாசர்’ என்று எழுதிக்கொண்டார்கள். அவர்கள் அடித்த அம்மன் காசைப் பாருங்கள். சின்னஞ்சிறு செம்புக் காசு. ஒரு பக்கம் அமர்ந்திருக்கும் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. ராஜாவின் முகம் எந்தப் பக்கமும் இல்லை! ஆள்பவன் சொந்தக்காரன் அல்ல, ஊழியக்காரன்.

நான் கிறிஸ்தவன். லூக்கா 16ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னதும் இதுதான். எஜமானின் ஆஸ்தியைக் கவனிக்க வேண்டிய உக்கிராணக்காரன் அதை அழிக்கிறான். புகார் போகிறது. கணக்குக் கேட்டு, பொறுப்பையும் பறிக்கிறார் எஜமான். அவன் என்ன செய்தான்? கடன்காரர்களைக் கூப்பிட்டு, நூறு குடம் எண்ணெயை ஐம்பதாக்கினான்; நூறு கலம் கோதுமையை எண்பதாக்கினான். எஜமானின் சொத்தை விட்டுக்கொடுத்துத் தனக்கு ஆள் சேர்த்தான்!

திருச்சபை மக்களே, நம் திருமண்டலத் தேர்தல்களைப் பற்றி நீங்கள் குமுறுவது என்ன? பள்ளிக்கூட வேலையும் ஆயர் இடமாற்றமும் ஓட்டுக்குப் பேரமாகின்றன என்றுதானே? அது உண்மையென்றால், அதே உக்கிராணக்காரனின் வேலைதான் அது!

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில், பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றுகூடி நம் தென்னிந்தியத் திருச்சபையாகின. ஆனால் 2024 ஏப்ரலில், ஒரு வழக்கில், அதன் நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படிப்பட்ட வழக்குகளுக்கு ஆகும் செலவு யார் போட்ட காணிக்கை?

“அபிஷேகம் பெற்றவரைக் கேள்வி கேட்கலாமா?” என்று மிரட்டுகிறார்கள். கேட்கலாம்! உவமையில் புகார் சொன்னவனை இயேசு கண்டிக்கவே இல்லை. “எஜமான் அவனை மெச்சினாரே” என்பார்கள். அவன் சாமர்த்தியத்தை மெச்சினார். பறித்த பொறுப்பைத் திருப்பிக் கொடுத்ததாக வேதத்தில் இல்லை!

கோயில் அறங்காவலருக்கும் வக்பு சொத்தைக் கவனிக்கும் முத்தவல்லிக்கும் நியாயம் இதுவே. ஆனால் முதலில் என் வீட்டைத் திருத்துகிறேன்.

தணிக்கையான கணக்கு ஆண்டுதோறும் ஆலய வாசலில் ஒட்டப்பட வேண்டும். சபை கூடிச் சம்மதிக்காமல் ஒரு சென்ட் நிலம்கூடக் கைமாறக் கூடாது. கணக்குக் காட்டாதவர் மறுபடி போட்டியிடக் கூடாது. அடுத்த சபைக் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். எழுந்து நின்று, பெயர் சொல்லி, கணக்கைக் கேளுங்கள். கேட்பது கலகம் அல்ல, விசுவாசியின் கடமை!