பூனையின் கண்ணும் யந்திரத்தின் கண்ணும்

(தொழிலாளர் படிப்பகம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யந்திரம் முகத்தை அடையாளம் காண்கிறது, கையெழுத்தைப் படிக்கிறது. இந்தப் பார்வை அதற்கு எங்கிருந்து வந்தது? ஏதோ ஒரு கம்பெனி முதலாளியின் தலையில் திடீரென்று உதித்ததா? இல்லை. அதன் ஆரம்பம் ஒரு பூனையின் மூளையில் இருக்கிறது.

1950களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு விஞ்ஞானிகள், மயக்க மருந்து கொடுத்த பூனையின் மூளையில் மெல்லிய மின்கம்பியைச் செலுத்தி, நரம்பணுக்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். கறுப்புப் புள்ளியுள்ள கண்ணாடித் தகட்டை ஒளியின் முன் வைத்துப் பூனையின் கண்ணுக்குக் காட்டினார்கள். வெகுநேரம் காட்டியும் ஓர் அணு வாய் திறக்கவில்லை. தகட்டை உள்ளே தள்ளிய ஒரு சமயம், அது படபடவென்று பொரிந்து தள்ளிற்று! காரணம் புள்ளியல்ல, தகட்டின் விளிம்பு. அதன் மங்கலான நிழல் ஒரு கோடாக விழித்திரையில் நகர்ந்தது. குறிப்பிட்ட சாய்வுள்ள கோட்டுக்கு ஓர் அணு, வேறு சாய்வுக்கு வேறு அணு! 1959ல் இதை வெளியிட்டார்கள். எளிய அணுக்களின் வேலை சேர்ந்துதான் அடுத்த படியிலுள்ள அணுக்கள் காண்கின்றன என்று 1962ல் விளக்கினார்கள்.

“பூனையின் கண்ணால் என்ன லாபம்?” என்று அன்று ஒரு கணக்குப்பிள்ளை கேட்டிருந்தால், யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. அந்தக் கேள்விக்கு அஞ்சி நிறுத்தியிருந்தால் பின்னால் நடந்தது எதுவும் அந்த வழியில் நடந்திராது.

ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் ஆராய்ச்சிக்கூடத்தில் குனிஹிகோ ஃபுகுஷிமா 1980ல் இதே அடுக்கு முறையை யந்திரத்துக்குக் கொண்டு வந்தார். முதல் அடுக்கு கோடுகளைக் காணும். கடைசி அடுக்கு முழு எழுத்தைக் காணும். 1989ல் யான் லெகுன் குழுவினர் இத்தகைய வலைக்குத் தபால் உறையிலுள்ள எண்களைப் படிக்கக் கற்பித்தனர். 2012ல் டொரண்டோவில் மூவர் சுமார் 12 லட்சம் படங்களைக் காட்டிப் பழக்கிய வலை, போட்டியில் மற்றவற்றை வெகுவாகப் பின்தள்ளிற்று.

மூளையை அப்படியே காப்பியடித்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். தவறைக் கணக்கிட்டுப் பின்னோக்கித் திருத்திக்கொண்டு வரும் முறை கணிதம் தந்தது. மூளையும் அப்படித்தான் கற்கிறதா என்பது இன்னும் தீராத வாதம்.

யந்திரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் போதும் என்கிறார்கள் சிலர். நம் மூளையோ சுமார் 20 வாட் சக்தியில், ஒரு சிறு பல்பு எரியும் அளவு மின்சாரத்தில் ஓடுகிறது. குழந்தைக்கு யானையை ஓரிரு முறை காட்டுங்கள். பிறகு அது படத்திலும் கண்டுகொள்ளும், கோயில் வாசலிலும் கண்டுகொள்ளும். ஆயிரம் யானைப் படம் கேட்பதில்லை. எப்படி? இதற்கான விடையை, இன்னும் நரம்பணுக்களோடு மல்லாடிக்கொண்டிருக்கும் ஆராய்ச்சிக்கூடங்களிலும் தேடவேண்டியிருக்கிறது.