இல்லத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புலவர் பெருமக்கள் வீற்றிருக்கும் இம்மேடையில், இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நான் இலக்கியம் பேசப் புகுவது பொருந்தாது. ஆகவே, ஓய்வு நேரங்களில் பழகி அறிந்த ஒரு கலையைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன். குறைந்த செலவில் நம் வீட்டிலேயே இசைப்பதிவுக் கூடம் அமைப்பது எங்ஙனம் என்பதே என் பொருள்.

இது செல்வர்க்கே உரிய பொழுதுபோக்கு எனச் சிலர் எண்ணக்கூடும். ஒரு காலத்தில் அவ்வாறுதான் இருந்தது. 1902-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய பாடல்கள் இசைத்தட்டில் பதிவாயின. அக்காலத்தில் பதிவு எந்திரம் இருக்குமிடத்தை நாடிப் பாடகர் செல்லவேண்டும். புனல் போன்ற குழாயின் முன் நின்று உரக்கப் பாடவேண்டும். தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். விரிந்து பரந்த இராகத்தை அந்தச் சிமிழுக்குள் அடக்கினர் நம் முன்னோர். நம் ஊரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய பெங்களூர் நாகரத்தினம்மாளின் குரலும் அத்தகைய தட்டுகளில் இடம்பெற்றது.

பின்னர் இக்கலை மெல்ல மெல்ல வீட்டுக்குள் புகுந்தது. 1935-இல் மைசூரில், மகாராஜா கல்லூரியின் உளநூல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி தம் இல்லத்திலேயே ஒரு சிறு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். ‘ஆகாசவாணி’ என்னும் பெயர் அந்நிலையத்துக்கே முதலில் வழங்கிற்று. பிற்காலத்தில் அகில இந்திய வானொலியும் அப்பெயரை ஏற்றுக்கொண்டது. 1989-இல் ஏ. ஆர். ரஹ்மான் சென்னைக் கோடம்பாக்கத்தில், தம் வீட்டுப் புறக்கடையில், ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ என்னும் கூடத்தை அமைத்தார். 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’வின் இசை அங்கே உருவாகித் தேசிய விருதும் பெற்றது. அவரிடமிருந்த கருவிகள் நம்மிடம் இல்லை. எனினும், வீடு இசை பிறக்கும் இடமாகலாம் என்னும் உண்மை நமக்கும் உரியதே.

நமக்கு ஏன் இந்தக் கூடம்? நம் காலனியில் சேலத்தார் உளர், தருமபுரியார் உளர், வடஆர்க்காட்டார் உளர். ஊரை விட்டு வரும்பொழுது அவர்கள் தாலாட்டையும் நலுங்குப் பாட்டையும் கும்மியையும் ஒப்பாரியையும் நெஞ்சில் சுமந்து வந்தனர். அவற்றுட் பல எந்த ஏட்டிலும் இல்லை. நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். வாழும் நாட்டின் மொழியைக் கற்பது முறையே. ஆயின் பாட்டியின் பாட்டை எப்பள்ளியில் கற்பர்?

சென்ற ஆண்டு நம் குடியிருப்பில் மூதாட்டி ஒருவர் காலமானார். நடவுப் பாட்டுப் பாடுவதில் அவருக்கு நிகர் அவரே. இன்று அவர் மகன் அந்தக் குரலைக் கேட்க ஏங்குகிறார். பேத்தியின் திருமண வீடியோவில் அவ்வம்மையார் நலுங்கு பாடும் காட்சி இருக்கிறது. வாய் அசைகிறது, கை தாளமிடுகிறது. ஆனால், படம் பிடித்தவர் அதன்மேல் ஒரு திரைப்படப் பாடலை ஏற்றிவிட்டார்! முகம் உண்டு, குரல் இல்லை. இந்த இழப்பு இனி எந்த வீட்டிலும் நேரலாகாது.

இனி, செய்முறைக்கு வருவோம். முதலில் வேண்டுவது நல்ல அறை. வெறுஞ்சுவரும் சிமெண்டுத் தரையும் உள்ள அறையில் கைதட்டிப் பாருங்கள்; ஒலி கணகணவென்று திரும்பும். அதனை அடக்குபவை தடித்த, மென்மையான பொருள்கள். தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். பாடுபவரின் முதுகுப்புறச் சுவரில் மெத்தையைச் சாய்த்துக் கம்பளியைத் தொங்கவிடுங்கள். மைக்கின் முகம் பாடுபவரை நோக்குவதால், அவருக்குப் பின்னுள்ள சுவரின் எதிரொலியே அதில் மிகுதியாக விழும். முட்டை அட்டைகளை ஒட்டுவதால் பெரும்பயன் இல்லை. இரும்புப் பீரோ உள்ள அறையைத் தவிர்ப்பது நலம். அது தானும் சேர்ந்து அதிரும்.

இவையெல்லாம் அறையின் எதிரொலியைத்தான் குறைக்கும், வெளியோசையைத் தடுக்கமாட்டா. காற்று நுழையும் இடுக்கெல்லாம் ஓசையும் நுழையும். சன்னலைச் சாத்தி, கதவின் அடியில் துணியைச் செருகி, மின்விசிறியையும் நிறுத்திவிடுக. இருப்புப்பாதையருகில் வாழும் நமக்கு வண்டி வரும் நேரம் மனப்பாடம் அன்றோ! இரு வண்டிகளுக்கு இடைப்பட்ட அமைதியே நம் கூடத்தின் தடித்த சுவர்.

அடுத்தது கருவி. கைப்பேசியை வைத்தே தொடங்கலாம். அழைப்பு வாராதபடி விமான நிலைக்கு மாற்றி, மடித்த துண்டின்மேல் வையுங்கள். மேலும் செம்மை வேண்டுவோர், கணிப்பொறியில் நேரே செருகும் யு.எஸ்.பி. மைக் ஒன்றும், காதை மூடும் ஹெட்போன் ஒன்றும் வாங்கினால் போதும். ஒரு குடும்பம் பண்டிகைக்குத் துணியெடுக்கும் செலவுக்குள் இது அடங்கிவிடும். பதிவு செய்யவும் திருத்தவும் ‘ஆடாசிட்டி’ என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் நிறுத்துக. ‘ப’கரம் வெடிக்கும் மூச்சு அதன்மேல் நேரே மோதாது. தொலைவு இருமடங்கானால், நேரே வந்து சேரும் ஒலியின் ஆற்றல் கால்பங்காகிவிடும். அறையின் இரைச்சலோ அப்படியே நிற்கும். பாட்டின் மிக உரத்த இடத்தை முதலில் பாடச் சொல்லி அளவை அமைத்துக்கொள்க. குறைவாகப் பதிந்ததைப் பின்னர்க் கூட்டலாம். அளவு மீறிச் சிதைந்ததைச் செப்பனிடுவது அரிது. சுருதி வேண்டுவோர்க்கு மின்னணுத் தம்புரா உண்டு. அதனை உருவாக்கிய ஜி. ராஜ்நாராயண் நம் பெங்களூர்க்காரரே. சுருதியை ஹெட்போன் வழியே பாடுபவர் மட்டும் கேட்குமாறு செய்தால் குரல் தனித்துத் தூயதாகப் பதியும்.

முதியோரைப் பாடச் செய்வதற்குப் பொறுமை வேண்டும். “பாடுங்கள்” என்று மைக்கை நீட்டினால் நாணிவிடுவர். ஊரைப் பற்றியும் வயலைப் பற்றியும் பேச்சுக் கொடுங்கள். பாட்டு தானே வரும். இருமலும் சிரிப்பும் இருப்பின் இருக்கட்டும், அவையும் அவருடையவையே. முடிவில் பாடியவர் பெயர், ஊர், நாள், யாரிடம் கற்றது என்பவற்றை அவர் வாயாலேயே சொல்லச் செய்க.

பதிந்ததை ‘வேவ்’ என்னும் சுருக்காத வடிவில் சேமிக்கவேண்டும். உயர்ந்த தரத்தில், ஒற்றைத் தடத்தில், ஒரு மணி நேரப் பதிவு 520 மெகாபைட்டு அளவில் இருக்கும். 64 கிகாபைட்டுப் பென்-டிரைவில் நூறு மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். ஒரு படி வீட்டில், ஒரு படி உறவினரிடம், ஒரு படி சங்கத்தில் என மூன்று படிகள் வைப்பது காப்பாகும்.

பெரியோர்களே! சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஒரு மைக்கும் ஒரு ஹெட்போனும் சங்கத்தின் சார்பில் வாங்கி, நூலகத்தில் நூல் வழங்குவதுபோல் வாரம் ஒரு வீட்டுக்கு வழங்கலாம். வாரம் ஒரு முதியவர் எனினும், அடுத்த ஆண்டு விழாவுக்குள் ஐம்பது குரல்கள் நம்மிடம் சேரும். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ உள்ளவர்கள் இன்றே பெயர் கொடுத்துச் செல்லுமாறு வேண்டுகிறேன். அகவையில் மூத்தோர் பெயர் முதலில் வரட்டும்.